உலைக்கு முன்னால் நிற்பவருக்கு எந்தத் துணி?

கேள்வி: அவிநாசி பக்கம் பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். இதுவரை பனியன், நைட்டி, பள்ளிச் சீருடை என்றுதான் ஓடியது. கோவையில் ஒரு பவுண்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் என் சித்தப்பா மகன் மூலமாக இப்போது ஓர் ஆர்டர் வருகிறது. உலைப் பக்கம் வேலை செய்யும் நாற்பது பேருக்குக் கோட், பேன்ட், ஏப்ரன், கைக்கு ஸ்லீவ் தைத்துத் தர வேண்டும். ஸ்டாக் லாட் வியாபாரி ஒருவர், 'கெவ்லார் துணி, புல்லட் புரூஃபுக்குப் போடுவது, தீயே பிடிக்காது' என்று மஞ்சள் நிறத்தில் ஒரு துணியைக் காட்டினார். விலையும் கட்டுப்படியாகிறது. வாங்கலாமா? எங்களிடம் இருக்கும் சாதாரண சிங்கிள் நீடில் மெஷினில் அதைத் தைக்க முடியுமா? எங்கள் கட்டிங் மாஸ்டர், 'துணிதான் முக்கியம், நூலுக்குப் பாலியெஸ்டரே போதும்' என்கிறார். சரிதானா?

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மட்டும்தான் ஒரே வார்த்தையில் பதில் இருக்கிறது: போதாது.

பாலியெஸ்டர் நூல் 255 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். நைலானில் ஒரு வகை 220 டிகிரியிலேயே போய்விடும். வார்க்கும் நேரத்தில் லேடிலில் (உருகிய உலோகத்தை ஏந்தும் வாளியில்) இருக்கும் இரும்பு ஏறக்குறைய 1350 டிகிரி, அதற்கு மேலும் இருக்கும். அதிலிருந்து ஒரு தெறிப்பு தோள் மூட்டில் வந்து விழுகிறது என்று வையுங்கள். நல்ல துணியானால் கருகி நிற்கும். நூல் நிற்காது. உருகி, தையல் வாயைப் பிளந்துகொள்ளும். தெறிப்பு அந்த வழியாக உள்ளே இறங்கும். போதாக்குறைக்கு உருகிய நூலும் தோலில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய், எரிவாயு ஆலைகளின் தீ விபத்துக்கான அமெரிக்கத் தரம் என்.எஃப்.பி.ஏ. 2112, நூல் இயல்பிலேயே தீ தாங்கும் இழையாக இருக்க வேண்டும், 260 டிகிரியில் உருகக் கூடாது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. பாலியெஸ்டர் அந்த இடத்திலேயே கழிந்துவிடுகிறது.

உங்கள் மாஸ்டர் சொல்வது பனியனுக்கும் சீருடைக்கும் சரி. அங்கே நூலின் வேலை இழுவையைத் தாங்குவது மட்டும்தான். இங்கே நூல், ஜிப், எலாஸ்டிக், வெல்க்ரோ, லேபிள் எல்லாவற்றுக்கும் துணிக்கு வைக்கிற பரீட்சைதான்.

சரி, துணிக்கு வருவோம். அதற்கு முன் நீங்கள் சித்தப்பா மகனிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தப் பவுண்டரியில் உருக்குவது இரும்பா, அலுமினியமா? கடிதத்தில் நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. கோவையில் பெரும்பாலும் பம்புக்கும் மோட்டாருக்கும் வார்க்கிற இரும்பு பவுண்டரிகள்தான் என்றாலும் அலுமினியம் வார்க்கிற இடங்களும் உண்டு. ஊகத்தில் துணி வாங்காதீர்கள்.

ஏன் என்றால், வெப்பம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பவுண்டரித் தரையில் நான்கு விதமாக வரும். நேரடித் தீ ஒன்று. உலை வாயிலிருந்து அடிக்கும் அனல் இன்னொன்று. சூடான வார்ப்பைக் கையால் தொடும்போது ஏறும் சூடு மூன்றாவது. உருகிய உலோகம் தெறிப்பது நான்காவது. ஒன்றில் கெட்டிக்காரத் துணி மற்றொன்றில் சுமாராக இருக்கலாம். வெப்பத்திலிருந்தும் தீயிலிருந்தும் காக்கும் உடைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 11612 இதனால்தான் ஒரே மதிப்பெண் போடுவதில்லை. தீ பரவுவதற்கு ஏ, சுடர் வழியே வரும் வெப்பத்துக்கு பி, அனலுக்கு சி, அலுமினியத் தெறிப்புக்கு டி, இரும்புத் தெறிப்புக்கு இ, தொடுசூட்டுக்கு எஃப் என்று தனித்தனி எழுத்து. பக்கத்தில் ஓர் எண். இ3 என்றால் 200 கிராம் அல்லது அதற்கு மேல் உருகிய இரும்பைக் கொட்டிச் சோதித்துத் தேறியது. டி3 என்றால் அலுமினியம், 350 கிராம் அல்லது அதற்கு மேல்.

அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் துணியைப் பார்க்கிற பார்வையே மாறும். துணியைச் சாய்வாக ஒரு சட்டத்தில் மாட்டுவார்கள். அதன் பின்பக்கம், சொரசொரப்பான அச்சு உள்ள ஒரு பி.வி.சி. தாளை வைப்பார்கள். தோலுக்குப் பதில் அந்தத் தாள். மேலிருந்து அளந்த உலோகத்தைக் கொட்டுவார்கள். பிறகு துணியை விடத் தாளைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். அதன் சொரசொரப்பு அழிந்து வழவழப்பாகியிருந்தாலோ, ஓட்டை விழுந்திருந்தாலோ அந்த அளவுக்குத் துணி தேறவில்லை. துணி எரியாமல் முழுதாக இருந்தாலும் தேறவில்லைதான். உள்ளே இருப்பவருக்குக் கொப்புளம் போட்டுவிட்ட பிறகு துணி பிழைத்து என்ன பயன்?

அலுமினியத்தை ஏன் பிரித்துக் கேட்கிறேன் என்றால், அது வெறும் 660 டிகிரியில் உருகும் என்றாலும் ஆபத்து குறைவில்லை. இரும்பு பல துணிகளின் மேல் விழுந்து உருண்டு ஓடிவிடும். அலுமினியம் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. ஒட்டிய இடத்தில் சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். கெவ்லார் போன்ற அராமிட் வகைத் துணிகளில் இந்தத் தொல்லை உண்டு. அலுமினியம் வார்க்கும் இடங்களில் தீத்தடுப்பு விஸ்கோஸும் கம்பளியும் கலந்த துணிகளை நாடுவது அதனால்தான். அங்கே போய் 'விலை உயர்ந்த கெவ்லார் தைத்துத் தந்தேன்' என்று நிற்கக் கூடாது.

இனி அந்த மஞ்சள் துணி. கெவ்லார் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். இழையின் குடும்பப் பெயர் அராமிட். அதில் இரண்டு கிளைகள்: பாரா அராமிட், மெட்டா அராமிட். கெவ்லார், ட்வாரான் போன்றவை பாரா. நோமெக்ஸ், டெய்ஜின்கோனெக்ஸ் போன்றவை மெட்டா. டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர் 1965இல் கெவ்லாருக்கு வழி வகுத்த கரைசலைக் கண்டார். தேடியது புல்லட் புரூஃப் இழையை அல்ல. கார் டயருக்குள் போட லேசான, உறுதியான இழை வேண்டியிருந்தது. வந்த கரைசல் கலங்கலாகவும் நீர்த்தும் இருந்ததால், இழை இழுக்கும் இயந்திரத்தின் துளை அடைத்துக்கொள்ளும் என்று அதை இயக்குபவர் முதலில் தயங்கினாராம். அந்த அம்மையார் விடவில்லை. எடைக்கு எடை வைத்தால் எஃகைவிட ஐந்து மடங்கு உறுதி என்ற பெயர் பிறகு வந்தது.

அந்த உறுதியைக் காட்டித்தான் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார்கள். பவுண்டரிக் கோட்டுக்கு அந்த உறுதியால் அவ்வளவு லாபமில்லை. பாரா அராமிட் உருகாது, 400 டிகிரிக்கு மேல் போனால்தான் சிதையும், தீயை எடுத்துவிட்டால் எரிவதை நிறுத்திவிடும். எல்லாம் உண்மை. ஆனால் எரியாத துணி வேறு, சூட்டை விடாத துணி வேறு. சூட்டைத் தடுப்பது முக்கியமாகத் துணியின் கனமும் உள்ளே நிற்கும் காற்றும். மெல்லிய அராமிட் துணி தான் எரியாமல் சூட்டை மட்டும் உள்ளே கடத்திவிடும். தொடர்ந்து சூட்டில் கிடந்தால் அதன் பலமும் இறங்கும். 260 டிகிரியில் 70 மணி நேரம் வைத்தால் பாதி போய்விடும். மெட்டா அராமிட்டுக்கு இவ்வளவு உறுதி கிடையாது. ஆனால் தீ பட்டதும் இழை தடித்துக்கொள்ளும், நெளிவு இருக்கும், உடம்பில் போட இதமாக இருக்கும். உடை தைக்க அதுதான் தோது. நோமெக்ஸில் உடைக்கென வரும் பிரபலமான கலவை ஒன்றில் 93 சதவீதம் மெட்டா, 5 சதவீதம் பாரா, 2 சதவீதம் நிலைமின்னைப் போக்கும் இழை. தீயில் துணி வெடித்துப் பிளக்காமல் பிடித்து வைக்க அந்த 5 சதவீதமே போதுமாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. புல்லட் புரூஃபுக்குப் போகும் துணியும், பிசின் ஊற்றிப் படகு, ஹெல்மெட் செய்யப் போகும் துணியும் முறுக்கில்லாத நீள இழையில் நெய்தவை. தட்டையாக, பளபளப்பாக, வழுக்கிக்கொண்டு இருக்கும். வெட்டிய ஓரத்தை விரலால் தட்டினாலே இழை இழையாக உதிரும். அதில் கோட் தைத்தால் அட்டை மாதிரி நிற்கும், வியர்வை போகாது, தையலோரம் நழுவிப் பிரியும். உடைக்கு வேண்டியது பஞ்சுபோல் வெட்டி நூற்ற நூலில் நெய்த துணி. கையில் எடுத்தால் காடாத்துணி போல் லேசான மொசுமொசுப்பு இருக்கும். வியாபாரி காட்டியது இதில் எது என்று தொட்டாலே தெரிந்துவிடும்.

வியாபாரி சொல்லை நம்பாமல் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு சாண் துண்டு வாங்கி, பாவு (நீளவாட்டு) நூலையும் ஊடை (குறுக்கு) நூலையும் தனித்தனியாக உருவுங்கள். வெளிச்சமான திறந்த இடத்தில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, நூலை இரும்புச் சாமணத்தில் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுங்கள். சுருண்டு, உருகி, நுனியில் கெட்டியான மணி கட்டினால் பாலியெஸ்டரோ நைலானோ இருக்கிறது. காகிதம் போல் எரிந்து, சுடரை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே போய்ச் சாம்பலாக உதிர்ந்தால் சாதாரணப் பருத்தி. உருகாமல் கருகி, சுடரை விலக்கியதும் அணைந்துவிட்டால் அராமிட்டாகவோ தீத்தடுப்புப் பருத்தியாகவோ இருக்கலாம். கருகவே இல்லாமல் சிவந்து நின்றால் கண்ணாடி இழை. இரண்டு திசை நூலையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாவு ஒன்று, ஊடை ஒன்று என்று கலந்து நெய்து முழு அராமிட் என்று விற்பார்கள்.

மடிப்பையும் பிரித்துப் பாருங்கள். பாரா அராமிட்டுக்கு வெயிலும் வெளிச்சமும் எதிரி. வெளிப் பக்கம் பழுப்பேறி, மடிப்புக்குள் மட்டும் பொன்மஞ்சளாக இருந்தால் அந்தத் துணி எங்கேயோ மாதக்கணக்கில் வெளிச்சத்தில் கிடந்திருக்கிறது. பலம் போன துணி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இந்தச் சோதனைகளெல்லாம் மோசமானதைக் கழிக்கத்தான் உதவும். நல்லது என்று சான்று சொல்ல அவற்றால் ஆகாது. ஆய்வக அறிக்கை இல்லாத ஸ்டாக் லாட் துணியை ஆள் உயிரைக் காக்கும் உடைக்கு வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். அறிக்கை கேளுங்கள். அதில் துணியின் பெயர், கலவை, ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), எந்தத் தரத்தில் எந்த எழுத்தில் எந்த எண் என்பது இருக்க வேண்டும். வெறும் தீப் பரவல் சோதனை மட்டும் இருக்கும் அறிக்கை பவுண்டரிக்குப் போதாது.

அப்படியானால் எதைத் தைப்பது? இரும்பு பவுண்டரி என்றே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாற்பது பேருக்கும் ஒரே துணி எடுக்க மாட்டேன். பொதுவான கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் கனமான தீத்தடுப்புப் பருத்தி, 300 முதல் 400 ஜி.எஸ்.எம். வரை, இரும்புத் தெறிப்புக்குச் சான்றுள்ளதாகப் பார்த்து. இரும்புத் தெறிப்பை அது நன்றாகவே உதறும். அராமிட்டை விட விலை மிகக் குறைவு, உங்கள் ஆட்களுக்குத் தைப்பதும் பழகிய வேலை. சித்திரை வெயிலில் உலைக்கு முன்னால் நிற்பவருக்கு வியர்வையையும் உறிஞ்சும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புழுக்கம் தாங்காமல் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால், டி3, இ3 எல்லாம் ஆணிக்குத்தான் பாதுகாப்பு.

உலை வாயிலேயே நிற்பவர்கள், கசடு வாருகிறவர்கள், லேடில் பிடிக்கிறவர்கள் சிலர்தான் இருப்பார்கள். அனல் முகத்திலடிப்பது அவர்களுக்கு. அவர்களுக்கு மட்டும் அலுமினியப் படலம் ஒட்டிய அராமிட் துணியில் நீளக் கோட் அல்லது முன்பக்க ஏப்ரன். சுத்தமாக இருக்கும்வரை அந்தப் படலம் அனலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். எண்ணெயும் கரியும் படிந்தாலோ, மடித்து மடித்து விரிசல் விட்டாலோ அந்த வேலை குறைந்துவிடும். ஏப்ரனுக்குக் குரோம் பதனிட்ட தடித்த தோலும் நல்ல பழைய வழிதான். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தோல் தைக்க உங்கள் மெஷின் தாங்காது. அதை வெளியே கொடுத்துவிடுங்கள்.

பாரா அராமிட்டுக்கு இந்த ஆர்டரில் உண்மையான இடம் ஃபெட்லிங் பகுதியில். வார்ப்பின் ஓரப் பிசிறைக் கழிக்கிறவர் கையில் சூடும் இருக்கும், கத்தி மாதிரிக் கூரிய விளிம்பும் இருக்கும். வெட்டுக்கும் சூட்டுக்கும் ஒரே நேரத்தில் ஈடுகொடுப்பதில் பாரா அராமிட் ஸ்லீவுக்கு நிகராக அதிகம் கிடையாது. இங்கே ஒரு எச்சரிக்கை. டைனீமா வகை இழையில் செய்த வெட்டுத் தடுப்பு ஸ்லீவும் கையுறையும் சந்தையில் நிறைய. வெட்டுக்கு அருமையானவை. ஆனால் அது பாலிஎத்திலீன், 150 டிகிரிக்குள் உருகிவிடும். உலைப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) துணியில் தைத்த பழைய ஏப்ரனையோ கையுறையையோ யாராவது கொண்டுவந்து 'இதே மாதிரி வெட்டித் தாருங்கள்' என்றால் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், உதறாதீர்கள். அதன் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது நிரூபணமானது. தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலரிடம் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டாவது கேள்வி, மெஷின். சாதாரண சிங்கிள் நீடில் போதும். ஆனால் பனியனுக்கு வைத்திருக்கும் அமைப்பு போதாது. தீத்தடுப்புப் பருத்திக்குக் கனத் துணி ஊசி, 16 அல்லது 18. அராமிட்டுக்கும் அதே அளவு, டைட்டானியம் பூச்சு உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. தங்க நிறமாக இருக்கும். பாரா அராமிட் ஊசியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய ஊசி இழையைக் குத்தாமல் தள்ளிக்கொண்டு போகும், தையல் விட்டு விட்டு விழும். அந்தச் சத்தம் கேட்டதும் ஊசியை மாற்றிவிடச் சொல்லுங்கள். வேகத்தையும் பாதியாகக் குறையுங்கள்.

நூல் மேலேயும் பாபினிலும் இரண்டிலும் அராமிட். மேலே அராமிட் போட்டு பாபினில் பாலியெஸ்டர் சுற்றுவது நம் ஊரில் நடக்கிற கள்ளத்தனம். கீழ் நூல் உருகினால் மேல் நூல் தானாக உருவி வந்துவிடும். கோட், பேன்ட்டுக்கு நூற்ற மெட்டா அராமிட் நூல் எடுங்கள். கொஞ்சம் நெளிவு உண்டு, மெஷினில் சொன்னபடி கேட்கும். பாரா அராமிட் நூல் சுமார் 4 சதவீதம்கூட நீளாது. டென்ஷனை இறுக்கி வைத்தால் துணியைச் சுருக்கிவிடும், முட்டியிலும் தோளிலும் இழுவை வரும்போது நூல் அறாமல் துணியை அறுத்துவிடும். ஆகவே அதைப் போட்டால் டென்ஷனைத் தளர்த்தித் துண்டுத் துணியில் பழகிய பிறகு பாகத்தைத் தொடட்டும். தையல் முடிந்ததும் நூலைக் கையால் சுண்டி அறுக்கும் பழக்கம் நம் டெய்லர்களுக்கு உண்டு. இந்த நூலைச் சுண்டினால் அறுவது நூலாக இருக்காது, விரல்தான். வாயில் வைத்துக் கடிப்பதும் கூடாது. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்னக் கத்தரி கட்டித் தொங்கவிடுங்கள்.

வெட்டுவதுதான் மாஸ்டருக்குச் சோதனை. பாரா அராமிட்டைச் சாதாரணக் கத்தரிக்கோல் வெட்டாது, கடித்து மெல்லும். இழை இரண்டு அலகுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு மடங்கும். ஓர் அலகில் நுண்ணிய பல் உள்ள கத்தரி இதற்கென்றே வருகிறது. அது இழையைப் பிடித்து நிறுத்தி வெட்டும். அதை வேறு எந்தத் துணிக்கும் எடுக்கக் கூடாது என்று சொல்லிப் பூட்டி வையுங்கள். கட்டிங் மெஷினில் வெட்டினால் லே (அடுக்கி விரித்த துணி) உயரத்தைக் குறைத்து, சில மடிப்புகள் மட்டும் போடுங்கள். பனியன் லே மாதிரி அரையடி உயரம் வைத்தால் கீழ் மடிப்பு இழுபட்டு அளவு மாறிவிடும். வெட்டிய உடன் ஓவர்லாக் அடித்துவிடுங்கள், அல்லது அராமிட் நாடாவால் ஓரம் கட்டுங்கள். தூசு பறக்கும். காற்றடித்து ஊதாமல் வேக்குவம் வைத்து எடுங்கள், முகமூடி போடட்டும்.

அலுமினியப் படலத் துணியில் குண்டூசி போட்ட ஓட்டை போட்டதுதான், மறையாது. பிரித்துத் தைத்தால் தபால்தலை ஓரம் போல் ஓட்டை வரிசை நிற்கும், அங்கே கிழியும். கிளிப் போட்டுப் பிடித்து, நீளத் தையலாக ஒரே தடவையில் ஓட்டுங்கள். மேலே இஸ்திரி வேண்டாம்.

தையல் அமைப்பில் ஒரே எண்ணம் மனதில் இருக்கட்டும்: தெறித்த உலோகம் எங்கும் தங்கக் கூடாது, வழுக்கிக் கீழே போக வேண்டும். பேன்ட் காலில் மடிப்பு வைக்காதீர்கள். பேன்ட் காலணிக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகக் கூடாது. கோட் பேன்ட் மேல் நன்றாக ஏறி நிற்க வேண்டும், குனிந்தாலும் இடுப்பு தெரியக் கூடாது. முன்பக்கத் திறப்பை ஒரு மடல் முழுக்க மூட வேண்டும். பாக்கெட் வேண்டும் என்று கட்டாயம் கேட்டால் மூடி வைத்துத் தையுங்கள். மூடி பாக்கெட் வாயைவிட மொத்தம் 20 மில்லிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். ஏப்ரனில் பாக்கெட்டே வேண்டாம். பக்கத் தையலும் தோள் தையலும் ஃபீட் ஆஃப் தி ஆர்ம் மெஷினில் மடித்து இரட்டைத் தையலாக, மடிப்பின் வாய் கீழ்நோக்கி. அந்த மெஷின் உங்களிடம் இல்லையென்றால் திருப்பூரில் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கும். ஒற்றை நூல் சங்கிலித் தையல் வேண்டாம், ஓர் இடத்தில் நூல் போனால் வரிசையே உருவிவிடும்.

சின்னச் சாமான்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலருக்குள் வைக்கும் ஃபியூசிங் பலதும் பாலியெஸ்டர். அதே துணியை இரண்டாக வைத்துத் தைத்துவிடுங்கள். ஜிப் பித்தளையாக இருக்கட்டும். மேலேயும் மூடி, உள்ளேயும் மூடி. பித்தளை சூடேறினால் நெஞ்சில் சூடு போட்டுவிடும். அதே காரணத்துக்காக வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம்வரை துளைத்துப் போகும் ரிவெட், பட்டன் எதுவும் தோலைத் தொடும்படி இருக்கக் கூடாது. சாதாரண வெல்க்ரோ நைலான். தீத்தடுப்பு வெல்க்ரோ தனியாக வருகிறது, கேட்டு வாங்குங்கள். கம்பெனி பெயரைப் பாலியெஸ்டர் நூலில் எம்பிராய்டரி போட்டுத் தரச் சொல்லுவார்கள். ரொம்ப ஆசைப்பட்டால் அராமிட் நூலில் போடுங்கள், இல்லாவிட்டால் மறுத்துவிடுங்கள். காலுக்கான காப்புறை தைப்பதாக இருந்தால் ஒரே இழுப்பில் கழன்று வருகிற மாதிரி வையுங்கள். உள்ளே தெறிப்பு புகுந்துவிட்டால் கொக்கி ஒவ்வொன்றாக அவிழ்க்க நேரமிருக்காது.

உள்ளே என்ன போடுகிறார்கள் என்பதையும் சித்தப்பா மகனிடம் சொல்லிவிடுங்கள். விளையாட்டு டீ-ஷர்ட் என்று இப்போது எல்லோரும் போடுவது பாலியெஸ்டர். கோட் தாங்கினாலும் உள்ளே அது உருகி உடம்போடு ஒட்டும். பருத்திப் பனியன்தான் போட வேண்டும். அதைத் திருப்பூர்க்காரர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆர்டரோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.

சட்டப்படி ஒரு விஷயம். தொழிற்சாலைகளில் வெப்பத்துக்கு முன் வேலை செய்பவர்களின் உடைக்கு ஐ.எஸ். 15748 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. பாதுகாப்புத் துணிகளுக்கு மத்திய ஜவுளி அமைச்சகம் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் அளவுள்ள கூடம் இந்த உடையை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கலாமா, சிறு தொழிலுக்கு என்ன சலுகை என்பதைத் துணி வாங்கும் முன்பே கோவையிலுள்ள பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். துணிச் சோதனைக்குக் கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த உடைக்கென்று தேவைப்படும் சோதனையில் எது அங்கே நடக்கும் என்று விசாரியுங்கள். பாதுகாப்பு ஜவுளிக்கான சிறப்பு மையம் காஜியாபாத்தில் உள்ள நிட்ரா. கூரியரில் மாதிரி அனுப்பலாம்.

விலை பேசும்போது பனியன் பீஸ் ரேட்டை மனதில் வைத்துப் பேசாதீர்கள். தையல் வேகம் பாதி, ஊசிச் செலவு பல மடங்கு, நூல் விலையைக் கேட்டால் மாஸ்டருக்குத் தலை சுற்றும், சோதனைக் கட்டணம் தனி. முதலில் ஒரு செட் மட்டும் தைத்து, ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒருவர் போட்டு வேலை பார்க்கட்டும். கையைத் தூக்கும்போது கோட் மேலே ஏறுகிறதா, அக்குளில் பிடிக்கிறதா என்று நீங்களே போய் நின்று பாருங்கள். அதன் பிறகு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மீதித் துணியை எடுக்கலாம்.

துவைப்பதற்கு லேபிளில் என்ன எழுதுவது என்று யோசிப்பீர்கள். குளோரின் ப்ளீச் கூடாது, அராமிட்டுக்கும் தீத்தடுப்புப் பருத்திக்கும் அது ஆகாது. துணி மென்மையாக்கும் திரவம் கூடாது, அது எரியும் படலமாகப் படிந்துவிடும். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கட்டி சோப்பு போட்டால் சுண்ணாம்புப் படிவு துணியில் ஏறி அதுவும் தீப்பிடிக்க வழி செய்யும், டிடர்ஜென்ட் போதும். அராமிட் சாமான்களை நிழலில் காயப் போட வேண்டும். அலுமினியப் படலத்தைத் துவைக்கவே கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். இதையெல்லாம் தமிழிலும் இந்தியிலும் அச்சடியுங்கள். கோவை பவுண்டரிகளில் இப்போது வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களும் நிறைய. லேபிளும் பருத்தி நாடாவில் இருக்கட்டும், அராமிட் நூலில் தைத்து.